பி.டி. பீரியட் யாருக்காக? பள்ளி உடற்கல்வியின் நோக்கங்கள்: ஓர் எளிய விளக்கம்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பல பள்ளிகளின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பார்க்கலாம். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று வாங்கிய கோப்பைகள் அதில் வரிசையாக நிற்கும். சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் அதைக் காட்டி, "ஸ்போர்ட்ஸ்லயும் நம்ம ஸ்கூல் நல்லா பண்றோமுங்க" என்பார்கள். பிள்ளைகள் உழைத்து வாங்கிய கோப்பைகள், பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பள்ளியில் 1,200 பேர் படிக்கிறார்கள், கோப்பை வாங்கிய அணிகளில் 60 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,140 பேருக்கு அந்த வருடம் பி.டி. பீரியடில் என்ன கிடைத்தது? அலமாரியைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு: "எம் பையனுக்கு விளையாட்டெல்லாம் வராதுங்க சார், அவன் படிக்கட்டும்." பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பொதுத்தேர்வு வருடத்தில் மைதானம் என்பது ஜன்னல் வழியே பார்க்கும் இடமாகிவிடுகிறது.

கோப்பையைக் காட்டும் பள்ளியும் பீரியடை விட்டுக்கொடுக்கும் பெற்றோரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதுபோலத் தெரியும். இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: உடற்கல்வி விளையாட்டு வருகிற சிலருக்கானது. பாடத்தின் நோக்கமோ இதற்கு நேர்மாறு. விளையாட்டு வராத பிள்ளைக்குத்தான் அது மிகவும் தேவைப்படுகிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பயிற்சி, விளையாட்டு, கல்வி

மூன்றையும் நாம் கலந்தே பேசுகிறோம். உடற்பயிற்சி என்பது உடல் வலுப்பட வேண்டும் என்று திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் காலையில் நடப்பவர் செய்வது அதுதான். விளையாட்டு என்பது விதிகளும் போட்டியும் உள்ள ஆட்டம்: கபடி, கோ-கோ, வாலிபால். உடற்கல்வி என்பது பாடம். பயிற்சியையும் விளையாட்டையும் கருவியாக வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் தம் உடலைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை.

தமிழ்ப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு நாலு பேரைத் தயார் செய்துவிட்டு, மற்ற 41 பேரைச் சும்மா உட்கார வைக்கும் தமிழாசிரியரை எந்தப் பெற்றோரும் ஏற்கமாட்டார்கள். நாளைக்கு ஒரு மனு எழுத, ஒரு ரசீதைப் படித்துப் புரிந்துகொள்ள, ஒரு கதையை ரசிக்க வகுப்பில் இருக்கும் 45 பேருக்கும் தமிழ் வேண்டும். அவர்களில் ஒருவர் கவிஞரானால் மகிழ்ச்சி. ஆனால் பாடம் நடப்பது அந்த ஒருவருக்காக இல்லை. எழுத்து, சொல், வாக்கியம் என்று படிப்படியாகப் போகிறோம். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளையிடம் போய் "கட்டுரை எழுது" என்று சொல்வதில்லை. உடற்கல்வியும் இப்படித்தான் நடக்க வேண்டும்.

1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உடற்கல்வி, விளையாட்டுச் சாசனத்தின் முதல் பிரிவே இவற்றில் பங்கெடுப்பது எல்லா மனிதருக்கும் அடிப்படை உரிமை என்கிறது. 2015-ல் அந்தச் சாசனத்தைத் திருத்தினார்கள். உரிமை அப்படியே இருக்கிறது. ஓடத் தெரிந்தவருக்கு மட்டும் என்று எங்கும் இல்லை.

சரி, அந்த 45 பேரும் என்ன கற்க வேண்டும்?

உடலுக்கு அசையத் தெரிய வேண்டும்

ஓடுவது, தாவுவது, குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, உருளுவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, அடிப்பது. இவற்றை அடிப்படை இயக்கத் திறன்கள் என்கிறார்கள். எந்த விளையாட்டை எடுத்தாலும் உள்ளே இருப்பவை இந்தச் சில அசைவுகளின் கலவைதான். ரெய்டு போகும் கபடி வீரர் திடீரென்று திசை மாற்றுகிறார், ஒற்றைக்காலில் சமநிலை பிடிக்கிறார், தாவுகிறார். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்பவர் ஓடுகிறார், குனிகிறார், எடுக்கிறார், எறிகிறார்.

இவை வளர வளரத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது அப்படி வருகிறது. எறிவது அப்படி வருவதில்லை. வலதுகைப் பிள்ளை ஒன்று பந்தைத் தூரமாக எறிய வேண்டுமென்றால் இடதுகாலை முன்னே வைத்துப் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். முதலில் இடுப்பு சுழல வேண்டும், அப்புறம் தோள், அப்புறம் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசை சரியாக வந்தால் மெலிந்த உடம்புக்காரரும் தூரம் எறிவார். தெரியாத பிள்ளை நேராக நின்று கையை மட்டும் வீசும். பந்து பத்தடியில் விழும். "உனக்குக் கையில பலமே இல்லடா" என்று நண்பர்கள் சொல்வார்கள். அங்கே குறைவது பலம் இல்லை. எந்த மூட்டு எப்போது அசைய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூளையில் நடப்பது இதுதான். ஒவ்வொரு முறை எறியும்போதும் மூளை தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. பந்து எங்கே போய் விழுந்தது என்று கண் திருப்பிச் சொல்கிறது. நினைத்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளை அடுத்த கட்டளையைக் கொஞ்சம் திருத்துகிறது. இப்படிப் பலமுறை திருத்தித் திருத்தித்தான் அசைவு கைக்குள் வருகிறது. அதனால் திறமைக்குத் தேவை இரண்டு: நிறைய வாய்ப்பு, சரியான இடத்தில் ஆசிரியரின் ஒரு சொல். "கண்ணு, இடதுகாலை முன்னாடி வெச்சுட்டு எறி" என்ற ஒரு வரி, சில சமயம் ஒரே பீரியடில் வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

முன்பு இந்த வாய்ப்பில் பெரும்பகுதி பள்ளிக்கு வெளியே கிடைத்தது. தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடையை (மிதக்கும் காய்ந்த சுரைக்குடுவை) முதுகில் கட்டி நீச்சல் பழகினார்கள். புளியமரம் ஏறினார்கள். கிட்டிப்புள்ளும் பம்பரமும் கண்ணையும் கையையும் ஒன்றுசேர்த்தன. நொண்டி ஆட்டம் சமநிலையைக் கொடுத்தது. இன்றைக்குத் திருப்பூரில் லைன் வீட்டில் வளரும் பிள்ளைக்கு வாசலே நாலடிதான். அம்மாவும் அப்பாவும் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு டிவியும் செல்போனும். கோவை அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று போர்டு. கிணற்றுப் பக்கம் போகவிடாத பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே, இந்தத் திறன்களைக் கற்க இடமும் ஆளும் இருப்பது பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் மட்டும்தான்.

அந்தப் பள்ளியில் நடப்பதைப் பார்ப்போம். 45 பேர், ஒரு வாலிபால், ஒரு நெட். உள்ளே 12 பேர், வெளியே 33 பேர். உள்ளே இருப்பவர்களிலும் நன்றாக ஆடும் மூன்று நான்கு பேரிடமே பந்து சுற்றிக்கொண்டிருக்கும். அவுட்டானால் வெளியே உட்கார வேண்டும் என்ற ஆட்டங்களில் இன்னும் மோசம். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை முதல் நிமிடத்திலேயே அவுட்டாகி, மீதி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும். நன்றாக ஆடத் தெரிந்தவருக்கே மேலும் பயிற்சி கிடைக்கிறது. வருடம் முழுக்க இப்படி நடந்தால் இடைவெளி கூடத்தானே செய்யும்?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பனியன் கம்பெனியில் மிஞ்சும் துண்டுத்துணியான பனியன் வேஸ்ட் திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதை இறுகச் சுற்றித் தைத்தால் நல்ல துணிப்பந்து. முகத்தில் பட்டாலும் வலிக்காது என்பதால் பந்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்குப் பொருத்தமானது. இரண்டு பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் 45 பேரும் ஒரே நேரத்தில் எறியலாம், பிடிக்கலாம். அவுட்டானவர் வெளியே உட்காராமல், சுற்றி நின்று பத்து முறை கயிறு தாண்டிவிட்டு மீண்டும் உள்ளே வரலாம் என்று விதியை மாற்றலாம். பெரிய மைதானத்தை நாலு சின்னக் கட்டமாகப் பிரித்து ஐந்தைந்து பேராக ஆடவிடலாம்.

இதுவரை பார்த்தது: உடற்கல்வியின் முதல் வேலை அடிப்படை அசைவுகளை எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பது. அவை பயிற்சியாலும் திருத்தத்தாலும் வருகின்றன. காத்திருக்கும் பிள்ளை கற்பதில்லை.

உடம்பு தாங்க வேண்டும்

இரண்டாவது நோக்கம் உடல்தகுதி. சிக்ஸ்பேக் உடம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றாட வேலையைக் களைப்பில்லாமல் செய்து, அவசரத்துக்கும் கொஞ்சம் சக்தியை மிச்சம் வைத்திருக்கும் நிலைதான் உடல்தகுதி. அதில் நீண்ட நேரம் ஓடியாடும் தாக்குப்பிடிப்பு, தசையின் வலு, மூட்டுகள் நன்றாக வளைந்து கொடுப்பது, உடலில் கொழுப்பு அளவோடு இருப்பது எல்லாம் அடங்கும்.

ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. இதயம் வேகமாகத் துடித்து ரத்தத்தை அனுப்புகிறது. வாரக்கணக்கில் இப்படிப் பழகியதும் இதயம் ஒரு துடிப்பிலேயே முன்பைவிட அதிக ரத்தத்தை வெளியே தள்ளக் கற்றுக்கொள்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு குறைகிறது. ஓடி நின்றபின் மூச்சு சீக்கிரம் அடங்குகிறது. இதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கினால் போதும். ஜூன் மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று நோட்டில் எழுதிவைத்தால், தன் உடம்பு மாறுவதை ஒரு பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்க்கும்.

எலும்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. குதித்து இறங்கும்போது எலும்பின் மேல் விழும் சுமையை அதற்குள் இருக்கும் செல்கள் உணர்கின்றன. சுமை விழும் இடத்தில் மேலும் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்கின்றன. வாழ்நாளின் எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. வயதுக்கு வரும் பருவத்தையொட்டிய சில வருடங்களில் இந்தச் சேர்க்கை மிக வேகமாக நடக்கிறது. அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை. எந்த வருடங்களில் பீரியடைப் பிடுங்கத் தொடங்குகிறோமோ அதே வருடங்கள். 60 வயதில் குளியலறையில் வழுக்கி விழும் பாட்டியின் இடுப்பு உடையுமா இல்லையா என்பதில், அவர் 12 வயதில் கயிறு தாண்டினாரா என்பதற்கும் பங்கு இருக்கிறது. சைக்கிளும் நீச்சலும் இதயத்துக்கு நல்லவை. ஆனால் உடல் எடை கால்வழியே தரையில் இறங்காததால் எலும்புக்கு அவை குறைவாகவே உதவும். எலும்புக்குத் தாவலும் குதியும் வேண்டும்.

அப்புறம் சர்க்கரை. நாம் உண்ணும் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன் இன்சுலின். வேலை செய்யும் தசையோ, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அசையாத உடலில் இந்த வழி அடைபட்டே கிடக்கிறது. சொந்தத்தில் சர்க்கரை மாத்திரை போடாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் இந்தக் காலத்தில், பிள்ளைகளின் தசையை வேலை செய்ய வைப்பது எவ்வளவு அவசியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். 2015-ல் வெளிவந்த முடிவின்படி, மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். கூடுதலாகக் கிடைத்தது வெளியே கழித்த நேரம்தான். காலையிலிருந்து இரவுவரை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைக்கப்படும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த எண்களை ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

80 நிமிடமும் 420 நிமிடமும்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினமும் 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்கள் வாரத்தில் மூன்று நாளாவது அதில் இருக்க வேண்டும். மிதமா, தீவிரமா என்று அறிய ஒரு எளிய வழி: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம்.

கணக்குப் போடலாம். வாரத்துக்கு இரண்டு பீரியட், 40 நிமிடம் வீதம் 80 நிமிடம். தேவை 420 நிமிடம். அந்த 80-லும் மைதானத்துக்கு நடந்து போவது, வரிசையில் நிற்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் கழியும். ஆக, பி.டி. பீரியட் மட்டுமே ஒரு பிள்ளையின் உடம்பைத் தேற்றிவிடாது.

உடற்கல்வியை ஆதரித்துப் பேசுபவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். "பீரியடில் பிள்ளைகளை நன்றாக ஓடவிட்டு வியர்க்க வையுங்கள், போதும்" என்கிறார்கள். வியர்ப்பது நல்லது; அதோடு நின்றுவிட்டால் வாரத்தில் மீதி 340 நிமிடத்துக்கு வழியில்லை. அந்த 340 நிமிடமும் வீட்டில், தெருவில், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில், ஞாயிற்றுக்கிழமை தோட்டங்காட்டில் பிள்ளை தானாக விரும்பிச் செய்வதிலிருந்து வர வேண்டும். அந்த விருப்பத்தையும் அதற்கு வேண்டிய திறமையையும் உண்டாக்குவதுதான் 80 நிமிடத்தின் வேலை. பள்ளியை விட்டு வந்தபிறகு பி.டி. சார் இல்லை, விசில் இல்லை. 17 வயதுக்கு அப்புறம் 40, 50 வருடம் அந்தப் பிள்ளை தானே அசைய வேண்டும். உடற்கல்வியின் எல்லா நோக்கங்களிலும் பெரியது இதுதான் என்பது என் முடிவு. மற்றவை எல்லாம் இதற்குப் போய்ச் சேரும் வழிகள்.

சுருக்கமாக: பீரியடுக்குள் நடக்கும் ஓட்டம் உடலுக்கு நல்லது, ஆனால் போதாது. பீரியடுக்கு வெளியேயும் பிள்ளையை அசைய வைப்பதே பாடத்தின் வெற்றி.

கொஞ்சம் அறிவும் வேண்டும்

எதற்கு வார்ம்-அப், சுளுக்கினால் முதலில் என்ன செய்வது, மார்ச் வெயிலில் எவ்வளவு தண்ணீர், நேற்றைவிட இன்று எவ்வளவு கூட்டலாம் என்பவையும் இந்தப் பாடத்தில் அடக்கம். கடைசியாகச் சொன்னது முக்கியம். உடல் பழகிய அளவுக்கு மேல் கொஞ்சம் கூட்டி, அது பழகியபின் மறுபடி கூட்டுவதுதான் முறை. ஒரு வருடம் அசையாமல் இருந்துவிட்டு ஸ்போர்ட்ஸ் டே அன்று 800 மீட்டர் ஓடி மயங்கி விழும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். இதற்குத் தனி வகுப்பறை வேண்டாம். மைதானத்திலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லலாம்.

உடற்கல்வி ஆசிரியர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார். அமெரிக்க உடற்கல்வியாளர் ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் நம் நாட்டில் இதற்கு முன்னோடி. நம் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உடற்கூறு, உடலியக்கம், உளவியல் எல்லாம் அங்கே பாடங்கள். இவ்வளவும் படித்தவரைப் பிரேயரில் வரிசை சரிபார்க்கவும், லேட்டாக வரும் பிள்ளைகளைக் கேட்டில் பிடிக்கவும், ஆண்டு விழாவுக்குப் பந்தல் வேலை பார்க்கவும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

நல்ல குணம் தானாக வருமா?

விளையாட்டு ஒழுக்கம் தரும், ஒற்றுமை தரும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். விளையாட்டு தானாக எதையும் தருவதில்லை. அதே கபடி ஆட்டத்தில் கை குலுக்கவும் கற்கலாம், நடுவரைத் திட்டவும் கற்கலாம். எது நடக்கிறது என்பது ஆட்டத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறது.

இரண்டு கேப்டன்களை நிறுத்தி, "ஆளுக்கு ஒருத்தரா கூப்பிடுங்க" என்னும் வழக்கத்தைப் பாருங்கள். கடைசியில் இரண்டு பிள்ளைகள் மிஞ்சும். "அவனை நீயே வெச்சுக்கோ" என்று ஒரு கேப்டன் சொல்வது 45 பேர் காதிலும் விழும். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்பது ஒன்றுதான்: மைதானம் எனக்கான இடமில்லை. ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்தால் அரை நிமிடத்தில் அணி ரெடி, ஒருவர் மனமும் நோகாது.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது இதைவிட மோசம். ஹோம்வொர்க் எழுதாதவர் மைதானத்தை ஐந்து ரவுண்டு ஓட வேண்டும் என்றால், ஓடுவது என்பது தப்புச் செய்தவர் படும் கஷ்டம் என்று மனதில் பதிகிறது. அப்புறம் 30 வயதில் டாக்டர் "தினமும் ஓடுங்க" என்றால் எப்படி மனம் வரும்? உடல்ரீதியான தண்டனையை 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-வது பிரிவில் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குணத்தை வளர்க்க நினைத்தால் பொறுப்புகளைச் சுற்றில் விட வேண்டும். இந்த வாரம் நடுவர், அடுத்த வாரம் ஸ்கோர் எழுதுபவர், அதற்கடுத்த வாரம் கேப்டன். ஒருமுறை விசிலைக் கையில் வாங்கி மூன்று தவறான தீர்ப்புக் கொடுத்துப் பார்த்த பிள்ளை, அடுத்த ஆட்டத்தில் நடுவரோடு சண்டை போட யோசிக்கும்.

ஏழாம் வகுப்புக்குப் பிறகு பெண் பிள்ளைகள்

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுவரை பள்ளி செல்வோரில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

நம் ஊரில் இந்த வித்தியாசம் தொடங்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். பெரியவளானதும் "பொட்டப்புள்ள இனி என்ன ஓடுறது" என்று பாட்டி சொல்வார். சுடிதார் சாலோடு ஓட முடியாது. கழிப்பறை வசதி சரியில்லாத பள்ளியில் மாதவிடாய் நாளில் மைதானம் இறங்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். பருவமடையும் முன் ஓட்டத்திலும் வலுவிலும் ஆண், பெண் வித்தியாசம் சிறியது. அதற்குப் பின் விழும் பெரிய இடைவெளியில், உடம்பின் பங்கோடு நாம் மூடும் கதவுகளின் பங்கும் இருக்கிறது.

இந்தக் கதவைத் திறக்க நம் மண்ணிலேயே ஒரு வழி இருப்பதைச் சில வருடங்களாகப் பார்க்கிறோம். வள்ளி கும்மி. கொங்குக் கிராமக் கோயில் திடல்களில் பெண்களும் சிறுமிகளும் வட்டமாக நின்று, பாட்டுக்கு அடியெடுத்து, குனிந்து, கைதட்டி, சுழன்று விடாமல் ஆடுகிறார்கள். கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன் 2024-ல் பத்மஸ்ரீ பெற்றது இந்த வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான்; வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர். உடற்கல்விக் கண்ணால் பாருங்கள்: இதயத்துக்கு நீண்ட நேர வேலை, தாளத்துக்கு அசையும் ஒருங்கிணைப்பு, குதித்து அடி வைப்பதால் எலும்புக்குச் சுமை, பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போவது. தோற்பவர் கிடையாது. பாட்டியும் தடுக்கமாட்டார், அவரே கூட வந்து ஆடுவார். வாரத்தில் ஒரு பீரியட் இதற்குக் கொடுத்தால் என்ன? சிலம்பமும் இப்படித்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஒரு கம்பு இருந்தால் போதும், பெண் பிள்ளைகளும் ஆர்வமாகக் கற்கிறார்கள்.

உடம்பு ஒத்துழைக்காத பிள்ளை

"அவனுக்குக் கால் சரியில்ல, நீ உக்காந்துக்கோ கண்ணு" என்பதை அன்பாகத்தான் சொல்கிறோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில், பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலதுகால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

பதக்கத்தை விடுங்கள். "நீயும் தாண்டிப் பார்" என்று ஒருவர் சொன்னார் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. ஆஸ்துமா உள்ள பிள்ளை, உடல் பருமனான பிள்ளை, சரியாகக் கண் தெரியாத பிள்ளை எல்லாருக்கும் விதியைக் கொஞ்சம் மாற்றினால் இடம் கிடைக்கும். நெட்டின் உயரத்தைக் குறைக்கலாம், பெரிய பந்து கொடுக்கலாம், ஓட்டத்தை நடையாக்கலாம். மதிப்பெண் போடுவதும் அப்படியே: வகுப்பில் முதலில் ஓடி வந்தவரோடு ஒப்பிடாமல், ஜூனில் அந்தப் பிள்ளை இருந்த நிலையோடு ஒப்பிட வேண்டும்.

மார்க் குறைந்துவிடாதா?

நேர்மையான கேள்வி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் இதைப் பற்றிய 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் அளந்த தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல், உடல் செயல்பாட்டால் படிப்புக்கு நன்மை என்று காட்டின. 48 சதவீதம் வித்தியாசமே காட்டவில்லை. கெடுதல் காட்டியவை 1.5 சதவீதம். விளையாடினால் நூற்றுக்கு நூறு வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்துக்கு 80 நிமிடத்தைப் பிடுங்குவதால் மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கோப்பை எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். போன மாதம் கால அட்டவணையில் இருந்த பி.டி. பீரியடில் எத்தனை உண்மையில் மைதானத்தில் நடந்தன? ஒரு வகுப்புக்கு எத்தனை பந்து? அணியில் இல்லாத பிள்ளைகள் அந்த நேரம் என்ன செய்கிறார்கள்? எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கடைசியாக எப்போது விளையாடினார்கள்? வீட்டில் பிள்ளையிடம் "இன்னிக்கு ஜெயிச்சியா?" என்பதற்குப் பதில் "இன்னிக்குப் புதுசா என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா உக்காந்திருந்தேன்" என்று வாரக்கணக்கில் பதில் வந்தால், பள்ளியில் போய்ப் பேச அதுவே காரணம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் வகுப்புகளுக்குத் தேவையான விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வகுப்புவரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்பித் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். தனியார் பள்ளியாக இருந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். ஒருவராகப் போவதைவிட அது எளிது. போகும்போது பிள்ளையின் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.